சோலை இருட்டுக்கு 300 எஃப்/4 ஆ, 200-500 ஆ?

வணக்கம். கோத்தகிரி லாங்வுட் சோலையில் (அடர்ந்த மலைக்காடு) கருமந்தி, குன்னூர் தேயிலைத் தோட்ட ஓரங்களில் அந்தி நேரத்துக் காட்டு மாடு: இந்த இரண்டுக்கும் லென்ஸ் தேடுகிறேன். கேமரா நிக்கான் டி750.

பட்டியலில் மிஞ்சியவை இரண்டு: 300 மிமீ எஃப்/4 பிஎஃப் (எடை குறைக்கும் ஃபேஸ் ஃப்ரெஸ்னல் கண்ணாடி உள்ளது; செகண்ட் ஹேண்ட்), 200-500 மிமீ எஃப்/5.6. முதலாவது 755 கிராம், மற்றது 2.3 கிலோ. வெளிச்சத்தில் வித்தியாசம் ஒரு ஸ்டாப், அதாவது எஃப்/4-ல் இரு மடங்கு வெளிச்சம். நடக்கும் மாட்டுக்கு ஷட்டர் 1/250 நொடி வேண்டும். எஃப்/4-ல் ஐஎஸ்ஓ (சென்சார் உணர்திறன்) 3200 போதுமென்றால் எஃப்/5.6-ல் 6400. விஆர் (லென்ஸில் உள்ள நடுக்கக் குறைப்பு) கை நடுக்கத்தைத்தான் அடக்கும், மாட்டின் காலை அல்ல.

மாட்டுக்கு 300 தாராளம். 30 மீட்டரில் சட்டத்தின் அகலம் 3.6 மீட்டர், முழு உடலும் அடங்கும். (அதைவிடக் கிட்டே போகக் கூடாது, அது வேறு விஷயம்.) சிக்கல் மந்தியில், அதற்கு 300 எட்டாது. 300-ல் எடுத்து 500 அளவுக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் 8.6 தான் மிஞ்சும். 1.4 டெலிகன்வர்ட்டர் (லென்ஸின் எட்டும் தூரத்தை 1.4 மடங்காக்கும் துணைக் கண்ணாடி) போட்டால் 420 எஃப்/5.6, அந்த ஒரு ஸ்டாப் லாபமும் போச்சு.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: மூடுபனியில் கான்ட்ராஸ்ட் செத்துப்போகும்போது, கன்வர்ட்டரோடு இந்த 300 ஃபோகஸ் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலைகிறதா? 200-500-ஐ மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) இல்லாமல் சோலைக்குள் சமாளிக்க முடியுமா? மலையில் இருந்த பழைய லென்ஸ் என்றால் பூஞ்சைக்கு டார்ச் அடித்துப் பார்ப்பேன். பிஎஃப் கண்ணாடியில் வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

ஃபிளாஷ் யோசனை வேண்டாம், விலங்கைத் தொந்தரவு செய்ய விருப்பமில்லை.