பனிக்காலத்தில் வாழை – நான் பட்டறிந்தது

குளிர் முடிந்து பிளாஸ்டிக் தாளைப் பிரித்த அன்று முதலில் வந்தது நாற்றம்தான். ஆளுயரத் தண்டு பார்வைக்கு நன்றாகவே நின்றது. கட்டைவிரலால் அழுத்தினேன். ஊறிய பஞ்சுபோல உள்ளே போயிற்று. பழுப்புத் தண்ணீர் மணிக்கட்டு வரை வழிந்தது. மூன்று வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த வாழை. அன்று முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

எங்கள் பகுதியில் சில இரவுகள் மைனஸ் 7, 8 டிகிரி வரை இறங்கும். காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிவிட்டால் குளிர் அண்டாது என்று நம்பினேன். வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர். அது விட்ட ஈரம் வெளியேற வழியில்லாமல் தாளின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, மட்டை இடுக்குகளில் இறங்கி, இரவில் உறைந்து பகலில் உருகியிருக்கிறது. அத்தனை அக்கறையோடு நானே அதை அழுக வைத்திருக்கிறேன்.

வேரோடு பிடுங்க மனம் வரவில்லை. அரிவாளை எடுத்து மேலிருந்து ஒவ்வொரு சாணாக நறுக்கிக்கொண்டே வந்தேன். எல்லாம் கூழ். தரைக்கு மேல் நாலு விரற்கடையில் வெட்டியபோதுதான் வெள்ளையாக, கெட்டியாக, வளையம் வளையமாகத் தெரிந்தது. அப்படியே விட்டுவிட்டேன். நல்ல வெயில் அடித்த ஒரு வாரத்தில் போய்ப் பார்த்தால், வெட்டுவாயின் நடுவளையம் மட்டும் ஒரு விரற்கடை மேலே எழும்பி நிற்கிறது, வெளிர்பச்சையாக! நாம் மரம் என்று சொல்வது ஒன்றையொன்று சுற்றிய மட்டைகள்தாம். உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. அது உறையாமலும் அழுகாமலும் இருந்தால் வாழை திரும்பி வரும்.

அடுத்த குளிருக்கு முறையை மாற்றினேன். முதல் உறைபனியில் இலைகள் கருகும் வரை காத்திருந்து, பிறகு இலைகளை மட்டும் கழித்தேன். தண்டைச் சுற்றி ஒரு முழ இடைவெளி விட்டுக் கம்பிவலையைக் கூண்டாக நிறுத்தி, உள்ளே காய்ந்த வைக்கோலையும் சருகையும் தளர்வாக நிரப்பினேன். அடியில் கிழங்குக்கு மேல் முழங்கால் உயரத்துக்கு மூடாக்கு. பக்கங்களில் சாக்குத் துணி. மழையும் பனியும் உள்ளே இறங்காமல் உச்சியில் மட்டும் பிளாஸ்டிக் தொப்பி. பக்கவாட்டில் மூச்சுவிட இடம் கொடுத்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. அந்த வருடம் மார்பளவுத் தண்டு முழுசாகப் பிழைத்தது.

கிழங்கு மட்டும் பிழைத்தால் போதாதா என்று கேட்கலாம். இலை அழகுக்காக வளர்ப்பவர்களுக்குப் போதும். குலை வேண்டுமானால் தண்டும் நிற்க வேண்டும். ஆண்டுதோறும் தரையிலிருந்து தொடங்கும் வாழைக்குப் பூ தள்ளுமுன் அடுத்த குளிர் வந்துவிடும். நான் வைத்திருப்பது மூசா பாஸ்ஜூ என்ற வாழை வகை. குளிர் தாங்குவதில் அதற்கு இணையாக வேறொன்றை நான் வளர்த்ததில்லை. ஆனால் அதன் காய் விதையாகவே இருக்கும், சாப்பிட உதவாது.

கோடைக் கடைசியிலேயே தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் கொடுப்பதை நிறுத்திவிடுங்கள். இளசாகத் துளிர்த்த பகுதிதான் முதலில் கருகுகிறது.

*

உங்கள் பதிவைப் படித்தேன். நான் குளிருக்கு முன் வாழையைத் தோண்டி எடுத்து வைக்கிற ஆள் ஐயா. என்னிடம் இருப்பது பழத்துக்கு வளர்க்கும் கேவண்டிஷ் வகை; வெளியே விட்டால் தாங்காது. இலைகளைக் கழித்து, வேர்மண்ணோடு தொட்டிக்கு மாற்றி, உறையாத ஒரு கொட்டகையில் நிறுத்திவிடுவேன். முதல் வருடம் பாவம் பார்த்து வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றினேன். வெப்பம் 14 டிகிரிக்குக் கீழே போனாலே வளர்ச்சி நின்றுபோகும்; குடிக்காத செடிக்கு ஊற்றிய தண்ணீர் கிழங்கிலேயே தங்கி, நீங்கள் சொன்ன அதே நாற்றம். இப்போது மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்ப்பேன். அடிவரை காய்ந்திருந்தால் மட்டும் ஒரு குவளை. இரண்டு குளிர்காலமாக ஒரு செடிகூடப் போகவில்லை.

ஒரு சந்தேகம். வைக்கோல் கூண்டில் எலி வரவில்லையா?

*

எலி வந்தது. கூண்டைப் பிரித்தபோது அடித்தண்டில் உள்ளங்கை அகலத்துக்குக் கொறித்திருந்தது, பக்கத்திலேயே கூடு. நல்லவேளையாக நடுக்குருத்துவரை போகவில்லை. இப்போது பொடிக்கண் வலையாக மாற்றி, அடிவிளிம்பை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்துவிடுகிறேன். வைக்கோலையும் குளிர் கெட்டிப்பட்ட பிறகுதான் போடுகிறேன், அதற்குள் எலிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டுவிடுகின்றன. பிரிப்பதில் மட்டும் அவசரப்படாதீர்கள். ஒரு வருடம் நாலு நாள் வெயிலை நம்பித் திறந்தேன், ஐந்தாம் நாள் பனி விழுந்து புதுக்குருத்து கருகிவிட்டது. அதன்பிறகு வைக்கோலை ஒரேயடியாக எடுக்காமல் பாதி பாதியாகக் குறைக்கிறேன். எடுத்ததைக் கூண்டுக்குப் பக்கத்திலேயே குவித்து வைக்கிறேன்.