விமான எதிர்ப்புப் பீரங்கித் தளத்தில் எது பீரங்கிக் குழி, எது கட்டளை நிலையம்? அளந்து வரைய யோசனை வேண்டும்

கோட்டைச்சுவர்:
வேல்ஸில் பெனார்த்துக்குத் தெற்கே இருக்கும் லாவெர்னாக் முனைக்குப் போகத் திட்டம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான எதிர்ப்புப் பீரங்கித் தளம் அங்கே இருக்கிறது. இணையத்தில் இருக்கும் படங்களில் எல்லாமே புதர் மூடிய கான்கிரீட்டாகத்தான் தெரிகிறது. எது எதுவென்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு பகலில் ஒரு குழியையாவது ஒழுங்காக அளந்து வரைய என்னென்ன எடுத்துப்போக வேண்டும்?

கரிமருந்து:
முதல் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லாவெர்னாக்கில் கடலோரப் பீரங்கி மேடையும் உண்டு, விமான எதிர்ப்புத் தளமும் உண்டு. கப்பலைச் சுடும் பீரங்கி கடலை மட்டும் பார்த்தால் போதும், அதனால் அதன் மேடை கடலைப் பார்த்தே அமைந்திருக்கும். விமானத்தைச் சுடுவது 360 பாகையும் திரும்ப வேண்டும். ஆகவே கூரை கிடையாது, சுற்றிலும் தணிவான சுவர், பெரும்பாலும் எண்கோண வடிவம்.

குழிக்குள் இறங்கியதும் தரையின் நடுவைப் பாருங்கள். கான்கிரீட்டில் பதித்த போல்ட் வளையம் இருந்தால் அதுதான் ஹோல்ட்ஃபாஸ்ட், நிலையான பீரங்கியைப் பூட்டிய இடம். போல்ட் இல்லையென்றால் பீரங்கியே இருந்ததில்லை என்று எழுதிவிடாதீர்கள். இந்தத் தளங்களில் இருந்த 3.7 அங்குலப் பீரங்கியின் தாங்கியில் மார்க் 2 (இரண்டாம் வகை) நிலையானது. மார்க் 1, மார்க் 3 இரண்டும் சக்கரம் வைத்தவை, கால்களை விரித்து வெறும் தரையிலேயே நிற்கும்.

உட்சுவரை ஒட்டி இருக்கும் மாடங்கள் குண்டு அடுக்கியவை. 3.7 அங்குலக் குண்டு மட்டுமே 28 பவுண்டு, ஏறக்குறைய 12.7 கிலோ. தோட்டாக்கூட்டோடு சேர்த்தால் 20 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு நிமிடத்துக்குப் பத்து தடவைக்கு மேல் போட வேண்டும் என்பதால்தான் மாடங்கள் கை எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

அடுத்து தரையில் ஓடும் வாய்க்காலைத் தேடுங்கள். மழைநீர் வடிகால் என்று பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். அது மின்கம்பி போன தடமாக இருக்கலாம். நான்கு குழிகளிலிருந்தும் அந்தத் தடங்கள் போய்ச் சேருமிடம் எதுவோ அதுதான் கட்டளை நிலையம்.

அளவுநாடா:
தளத்தின் மூளையே அந்தக் கட்டளை நிலையம்தான், படம் எடுப்பவர்கள்தான் அதைக் கண்டுகொள்வதில்லை. மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் வரும் விமானம் 10 விநாடியில் 830 மீட்டர் போய்விடும். குண்டு மேலே போய்ச் சேரும்போது விமானம் எங்கே இருக்கும் என்று பிரெடிக்டர் என்ற கணக்குப்பொறி கணித்து, கம்பி வழியாகப் பீரங்கியில் இருக்கும் அளவுகாட்டி முகப்புக்கு அனுப்பும். திறந்தவெளியில் தனித்தனியாக நிற்கும் பீடங்கள் தெரிந்தால் அவை உயரமானி, பிரெடிக்டர், தொலைநோக்கி வைத்தவை. ஒவ்வொன்றையும் தனியாக அளந்து எண் போடுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: 30 மீட்டர் நாடா ஒன்று, 5 மீட்டர் எஃகு நாடா ஒன்று, கறுப்பு வெள்ளை அடித்த 1 மீட்டர் குச்சி, வரைபலகை, மழையிலும் ஊறாத தாள், டார்ச் இரண்டு. வரைவு 1:100 போதும், ஹோல்ட்ஃபாஸ்ட்டை மட்டும் 1:10.

எண்கோணத்தின் எட்டுப் பக்கத்தையும் அளந்துவிட்டு வேலை முடிந்தது என்று வந்துவிடக் கூடாது. பக்கங்கள் சரியாக இருந்தாலும் கோணம் நழுவும், வீட்டுக்கு வந்து வரைந்தால் கடைசி மூலை மூடாது. எதிர்எதிர் மூலைகளுக்கு நான்கு குறுக்களவும் எடுங்கள். போல்ட் வளையத்துக்கு எண்ணிக்கை, விட்டம், ஒரு போல்ட்டின் தடிமன் மூன்றும் வேண்டும். துருவைச் சுரண்டாதீர்கள், அளவே மாறிப்போகும்.

திசைகாட்டியைக் குழிக்குள் நம்பாதீர்கள். சுவருக்குள் இருக்கும் கம்பி ஊசியை இழுக்கும். வெளியே தள்ளி நின்று இரண்டு புள்ளிகளை வைத்துத் திசை எடுங்கள். மரத்தடியில் கைபேசி ஜிபிஎஸ் பல மீட்டர் விலகும், வானம் திறந்த இடத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு அங்கிருந்து நாடா பிடிப்பது மேல்.

மங்கிய பெயின்ட் எழுத்து இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாக்பீஸால் மேலே எழுதிக் காட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

கோட்டைச்சுவர்:
நன்றி. இன்னொன்று. ரேடார் இருந்ததற்குத் தரையில் அடையாளம் ஏதாவது மிஞ்சியிருக்குமா?

கரிமருந்து:
குறைவுதான். பீரங்கிக்குக் குறி காட்டிய ஜிஎல் மார்க் 2 ரேடாருக்குத் தரை மேடுபள்ளமாக இருந்தால் உயரக் கோணம் தப்பாகும். அதனால் சுமார் 130 கெஜம் குறுக்களவில் எண்கோணமாகக் கம்பிவலை விரித்தார்கள். அப்படி ஒரு விரிப்புக்கு 4 அடி அகலம், 50 கெஜம் நீளத்தில் 230 சுருள் வலை. நாட்டில் கோழிக்கூண்டு வலைக்கே தட்டுப்பாடு வந்தது இதனால்தான். போருக்குப் பிறகு வலை போய்விட்டது, தாங்கிய கழிகளும் மட்கிப்போயின. மரம் மறைக்கும் இடத்தில் தரையின் நெளிவைப் பார்க்க லைடார் (விமானத்திலிருந்து லேசரால் தரையை அளப்பது) உதவும். வேல்ஸுக்கான தரவு டேட்டாமேப்வேல்ஸ் இணையதளத்தில் இலவசம். எதிரே கடலில் இருக்கும் ஃபிளாட் ஹோம் தீவிலும் பீரங்கித் தளமும் ரேடார் நிலையத்தின் எச்சமும் உண்டு.

அளவுநாடா:
ஒரு சேர்க்கை. 1944 கோடையில் ஜெர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகளைத் தடுக்கத் தென்கிழக்குக் கரைக்கு நகர்த்திய நிலையான பீரங்கிகளைத் தண்டவாளமும் ஸ்லீப்பர் கட்டையும் சேர்த்த மேடைகளில் நிறுத்தினார்கள். அந்த மாதிரி இடத்தில் கான்கிரீட்டைத் தேடி அலைய வேண்டாம், இருக்காது.

புதர்வெட்டி:
பாதுகாப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உடைந்த சாம்பல்நிற நெளிதகடு கிடந்தால் ஆஸ்பெஸ்டாஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள், மிதிக்காதீர்கள், உடைக்காதீர்கள். நிலத்தடி அறையில் தேங்கிய தண்ணீர் கணுக்கால் அளவு போலத் தெரியும், அதற்குள் மூடியில்லாத கம்பித்தடம் இருக்கும். குச்சியால் தட்டிப் பார்க்காமல் கால் வைக்காதீர்கள். தனியாக உள்ளே போகவே வேண்டாம். குண்டு மாதிரி எது தெரிந்தாலும் தொடாமல் விலகி 999.

லாவெர்னாக் தளம் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். மெட்டல் டிடெக்டர் பயன்படுத்த, வேல்ஸ் அரசின் தொல்லியல் அமைப்பான காட்வின் எழுத்து அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் குற்றம். புதரை வெட்டி இடத்தைத் துப்புரவாக்குகிறேன் என்றும் இறங்காதீர்கள், அது இயற்கைக் காப்பிடமும்கூட (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்). வௌவால் தங்கும் அறை என்று தெரிந்தால் நவம்பர் முதல் மார்ச் வரை உள்ளே போகாதீர்கள். உறக்கத்தில் இருப்பதைக் கலைப்பது சட்டப்படி தவறு.

ஆனால் குழியை அளக்கக் குளிர்காலம்தான் சரி. கோடையில் முட்செடி சுவரையே மூடிவிடும். பிப்ரவரிக் கடைசியில் போங்கள், திறந்த குழிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அறைகளுக்கு ஏப்ரலில் இன்னொரு நடை.