கேட்காமல் எடுத்த படங்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

பத்து வருடத்துக்கு மேல் தெருவில் படம் எடுக்கிறேன். பிழைப்பு வேறு, இது ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். முன்பின் தெரியாதவர்களை அவர்களுக்குத் தெரியாமல் எடுத்து மாட்டிக்கொண்ட கதை நம்மில் எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

2014. சென்னை காசிமேடு மீன் சந்தை. விடிவதற்கு முன்பே போய்விட்டேன். கையில் கேனான் 600டி, அதில் 55-250 லென்ஸ். அந்த லென்ஸில் ஒரு சௌகரியம், இருபது அடி தள்ளி நின்றுகொண்டே ஒருவர் முகத்தை முழுசாக அள்ளிவிடலாம், தைரியமே தேவையில்லை. அப்போதெல்லாம் தெருப்படம் என்றாலே ஒளிந்து எடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் தன் லைக்கா கேமராவின் பளபளப்பு தெரியாமல் கருப்பு டேப் ஒட்டுவார் என்று படித்துவிட்டு நானும் கேனான் என்ற எழுத்தின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருந்தேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் வாக்கர் எவன்ஸ் 1938-லிருந்து 1941 வரை நியூயார்க் சப்வேயில் கேமராவைக் கோட்டுக்குள் மறைத்து எதிர் சீட்டுக்காரர்களை எடுத்தது, அவற்றைப் புத்தகமாகப் போட 1966 வரை காத்திருந்தது, இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். பெரிய ஆட்களே ஒளிந்துதான் எடுத்தார்கள், நமக்கென்ன என்று ஒரு தெம்பு.

மீன் வெட்டிக் கொடுக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒரு ஆயா, அறுபத்தைந்து வயதிருக்கும், அரிவாள்மனையில் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டே பக்கத்தில் இருந்தவருடன் ஏதோ வாய்ச்சண்டை. தலைக்கு மேல் ஒரே ஒரு பல்பு. முழங்கை வரை ஒட்டியிருந்த செதில் ஒவ்வொரு வெட்டுக்கும் மின்னியது. ஏழெட்டு எடுத்திருப்பேன், நிமிர்ந்துவிட்டார்.

"இன்னா நைனா, கேக்காம எட்த்துக்கினே கீற?"

கத்தியிருந்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். சாதாரணமாகக் கேட்டதால் கால் அங்கேயே நின்றுவிட்டது. "சும்மாதான் ஆயா, பாக்க அழகா இருந்துச்சு" என்று வழிந்தேன்.

"கவுச்சியோட குந்தினு கீறேன், இதுல இன்னா அழகு? சரி, எட்த்துக்கினு போய் இன்னா பண்ணுவ?"

இதற்குப் பதில் இல்லை. உண்மையான பதில், ஃபேஸ்புக்கில் போடுவேன், நாற்பது பேர் லைக் போடுவார்கள் என்பதுதான். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். "இப்டித்தான் அல்லாரும் சொல்றீங்கோ" என்று மறுபடி மீனுக்குத் திரும்பிவிட்டார்.

அந்த "அல்லாரும்" உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் கழித்துப் போனேன். இரண்டு ராத்திரி கம்ப்யூட்டரில் லைட்ரூம் மென்பொருளோடு உட்கார்ந்து கருப்பு வெள்ளையாக்கி, பின்னணியை இருட்டாக்கி, செதில் மட்டும் வெள்ளியாய்த் தெரிகிற மாதிரி செய்து, மேக்ஸி சைஸில் பிரிண்ட். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் நைனா, நான் செத்தா பூட்டேன்?"

வரிசை மொத்தமும் சிரித்தது. மாலை போட்டு விளக்கேற்றி வைக்கிற படம் மாதிரி இருக்கிறதாம். கலர் இல்லையா என்று கேட்டார். நான் கலை என்று நினைத்து எதையெல்லாம் எடுத்துத் தள்ளினேனோ அதையெல்லாம் அவர் திருப்பிக் கேட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இரு" என்று எழுந்து, குடத்துத் தண்ணீரில் கை கழுவி, முகம் துடைத்து, முந்தானையைச் சரியாக இழுத்துவிட்டு, ஐஸ் பெட்டியை ஒதுக்கி வைக்கச் சொல்லி, சுவரோரம் போய் நின்றார். கை இரண்டும் பக்கவாட்டில், சிரிப்பு கிடையாது, கண் நேராக லென்ஸுக்குள். எந்தப் போட்டிக்கு அனுப்பினாலும் முதல் சுற்றிலேயே தூக்கிப் போட்டுவிடுவார்கள், ரேஷன் கார்டு படம் மாதிரி இருந்தது. அடுத்த வாரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார், லேமினேஷன் போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்தார். முதல் படம் என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

55-250-ஐ அந்த வருடமே விற்றுவிட்டேன். இப்போதும் கேட்காமல்தான் எடுக்கிறேன், கேட்டுவிட்டு எடுத்தால் எல்லோரும் சுவரோரம் போய் நின்றுவிடுவார்கள். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில், அவர் என்னைத் திட்ட வசதியாக நின்று எடுக்கிறேன். வேண்டாம் என்றால் அவர் கண்ணெதிரே அழித்துவிடுவேன். பிளாட்பாரத்தில் தூங்குகிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்புவதில்லை, அவர்களால் திட்டக்கூட முடியாது.

*

நான் கேமராவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள், அதனால் என் கதையும் இருக்கட்டும்.

போன வருடம் மயிலாப்பூர் அறுபத்துமூவர். வெயிலில் சுற்றிக் களைத்து, மூடியிருந்த ஒரு கடைப் படியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் மகள் தூக்கம், ஒரு கையில் பந்தலில் வாங்கிய நீர்மோர், வேர்வையில் பொட்டு பாதி கரைந்திருக்கும். காரை எங்கே நிறுத்தினோம் என்று தேடப்போன கணவரை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்து ஆபீஸில் கூட வேலை செய்கிறவள் ஒரு இன்ஸ்டாகிராம் லிங்க் அனுப்புகிறாள், இது நீதானே என்று. நான்தான். கீழே தாய்மை, தவம் என்று நாலு வரி கவிதை வேறு. அதற்கும் கீழே வந்த கமெண்டுகளில் எல்லாமே தாய்மையைப் பற்றி இல்லை.

எடுத்துவிடுங்கள் என்று மரியாதையாகத்தான் எழுதினேன். "மேடம், பொது இடம், எடுக்க எனக்கு உரிமை இருக்கு" என்று பதில். வக்கீல் தோழியிடம் கேட்டேன். 2024 ஜூலை 1 முதல் வந்திருக்கும் புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 77-ஆம் பிரிவு, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 354சி, பெண்களை ஒளிந்து படம் பிடிப்பதைப் பற்றியதுதான். ஆனால் அது உடை மாற்றுவது, குளிப்பது போல யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பி இருக்கிற நேரத்துக்கு. மாட வீதியில் மோர் குடிப்பது அதில் வராது என்று சொல்லிவிட்டாள். ஆக அந்த ஆள் சொன்னது தப்பில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

நான்கு நாள் கேட்டேன், அசையவில்லை. ஐந்தாம் நாள் என் கணவர் ஒரே ஒரு மெசேஜ் போட்டார். பத்து நிமிடத்தில் படம் போய்விட்டது, "சாரி சார்" என்று கூடவே ஒரு கும்பிடு பொம்மை. என்னிடம் சாரி கேட்கவே இல்லை. எனக்கு இன்றைக்கும் எரிவது அந்தப் படத்தைவிட இதுதான்.

அப்புறம் மேலே எழுதியவருக்கு ஒன்று. உங்கள் அமெரிக்கர் கால் நூற்றாண்டு காத்திருந்தார் என்கிறீர்கள். என் படம் எடுத்த அன்று சாயந்திரமே ஏறிவிட்டது, தெருப் பெயரோடு.

*

இவ்வளவுக்கு அப்புறம் என் கதை கொஞ்சம் லேசானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை, அழகர் ஆற்றில் இறங்குகிற நாள். ஆட்டுத்தோல் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் நடுவே கேமராவை பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நின்றேன். கருப்பசாமி வேடத்தில் ஒரு பெரியவர், சல்லடம், தலையில் குல்லாய், கண்ணில் மை. தண்ணீர் அவர் முகத்தில் அடித்துச் சிதறும் நொடியில் ஒன்று கிடைத்தது. அடுத்த நொடி நேராக என்னிடம் வந்துவிட்டார், நெஞ்சு திக்கென்றது. "தம்பி, அத வாட்ஸப்புல போட்டு விடுங்க" என்று நம்பர் சொன்னார்.

அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தே காலுக்கு ரோஜாப்பூவோடு குட்மார்னிங் வருகிறது. என் கல்யாணத்துக்குக் கூப்பிட்டேன், வந்து நூற்றியொரு ரூபாய் மொய் எழுதிவிட்டுப் போனார். அவருடைய டிபி இன்னும் அந்தப் படம்தான், தண்ணீர் தெரியாமல் முகத்தை மட்டும் வெட்டி, ஓரத்தில் பேத்தி படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்.