சல்லரி எங்கே?

குழு: கன்னன்குடா வீடு
வியாழன், பின்னேரம்

நான்: அம்மப்பாவின் சல்லரி, கூத்துக்குத் தட்டுகிற அந்தக் கைத்தாளம், இன்னும் வீட்டில் இருக்கிறதா? யாராவது ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

தம்பி: நெல்லு மூட்டைக்குப் பின்னால் கிடக்கு. பல்லி முட்டை போட்டிருக்கு.

அம்மா: என்ன சல்லரி? நீ இன்ஜினியரிங் படிக்கத்தானே பேராதனைக்குப் போனாய்?

நான்: ஓம் அம்மா. இங்கே கூத்துப் பழகுகிறோம். மத்தளம் ஒன்று இருக்கிறது. சல்லரிக்குப் பதிலாக இரண்டு சட்டி மூடியைத் தட்டுகிறோம்.

அம்மா: இரண்டாம் தரம் சோதனை எழுதி எடுத்த இடம் மகள் அது. மூடி தட்டவா போனாய்?

மாமி: (ரோசாப்பூப் படம்) இனிய மாலை வணக்கம் உறவுகளே

தம்பி: மாமி, இங்கே சண்டை நடக்குது.

மாமி: ஐயோ, பார்க்காமல் போட்டுட்டேன்கா. என்ன சண்டை?

நான்: சரி, முழுக்கச் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் நான் உங்களுக்குச் சொன்னதில் பாதி பொய். "பிள்ளைகளோடு சாப்பிட்டேன்" என்ற நாட்களில் கன்டீனில் தனியாகத்தான் இருந்தேன். விரிவுரை எல்லாம் இங்கிலீஷ். ஒரு வசனம் விளங்குவதற்குள் அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். பின்னேரத்தில் அக்பர் பாலத்தில் நின்று மகாவலியைப் பார்ப்பேன். நம்ம வாவி மாதிரி அது பேசாமல் கிடக்காது, ஓடிக்கொண்டே இருக்கும். பார்த்தாலே அழுகை வரும்.

அம்மா: ஏன் சொல்லவில்லை?

நான்: சொன்னால் அடுத்த பஸ்ஸில் வந்து நின்றிருப்பீர்கள்.

அப்பா: ஓம்.

நான்: சங்கம் சங்கமாகப் போய்ப் பார்த்தேன். படம் பிடிக்கிற இடத்தில் எல்லார் கழுத்திலும் பெரிய கமரா, என்னிடம் திரை வெடித்த ஃபோன். சதுரங்கத்தில் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. வென்றவன் தலையை நிமிர்த்தியும் பார்க்கவில்லை. இன்னொரு கூட்டத்தில் தேத்தண்ணி தந்தார்கள், பெயர் எழுதினார்கள், அவ்வளவுதான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குறிஞ்சிக் குமரன் கோயிலில் பஜனைக்குத் தாளம் போட ஆள் இல்லை. நான் எடுத்தேன். பின்னால் நின்ற ஒரு அக்கா "தங்கச்சி, நீ மட்டக்களப்புப் படுவான்கரையா?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றேன். "பஜனைக்குக் கூத்துத் தாளம் போடுகிறாயே!" என்றார்.

தோஹா அண்ணா: 😂😂 வேலை இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

அம்மா: சீனியர் பிள்ளைகள் என்றால் பகிடிவதை இல்லையா?

பெரிய மாமா: அதற்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கு தங்கச்சி. ஆனால் சட்டம் இருக்கிறது என்று சும்மா இருக்கவும் கூடாது. மருமகள், உன்னை யாராவது "கட்டாயம் வா" என்றார்களா?

நான்: இல்லை மாமா. சோதனைக் கிழமையில் போனால் "போய்ப் படி" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

அம்மா: அது நல்லது.

நான்: யார் யார் வருகிறார்கள் தெரியுமா? மருத்துவ பீடத்து வவுனியா அண்ணா ஒருவர், மத்தளம் அவர்தான். அட்டன் பிள்ளை ஒருத்தி, அவளுடைய தோட்டத்தில் காமன் கூத்து ஆடுவார்களாம். மாத்தறைச் சிங்களப் பிள்ளை ஒருத்தி. அவள் 'மனமே' நாடகம் பார்த்தவள். ஆடுகிறவர் களரிக்குள் வரும்போது தட்டுகிற நம்ம வரவுத் தாளத்தைக் கேட்டுவிட்டு "இது எங்கட நாடகம மாதிரி" என்றாள்.

பெரிய மாமா: மாதிரி என்ன, சொந்தமே அதுதான். பேராதனையில் படிப்பித்த சரச்சந்திர 1956இல் 'மனமே' செய்தபோது நாடகம என்ற அந்தப் பழைய சிங்கள நாடக வடிவத்தைத்தான் எடுத்தார். நாடகமவுக்கு வேர் தமிழ்க் கூத்து. பிறகு அதே பேராதனையில் தமிழ் படிப்பித்த வித்தியானந்தன் நம்ம ஊர்க் கூத்தை எடுத்து மாணவர்களை வைத்து மேடையேற்றினார். அறுபதுகளில் 'இராவணேசன்'. இராவணனாக ஆடியது நம்ம மட்டக்களப்பு மௌனகுரு. இவள் தட்டுகிற மூடி சரியான இடத்தில்தான் சத்தம் போடுது.

தம்பி: அம்மப்பா பக்கத்தில் இருந்து கேட்கிறார். அவர் சொல்வதை எழுதுகிறேன்: "விடிய விடிய ஆடுவதைச் சுருக்கிப்போட்டார்கள். வட்டக்களரியில் நாலு பக்கமும் சனம் இருக்கும். மேடையில் ஒரு பக்கம்தான். முதுகைப் பார்க்கிறவன் இல்லாவிட்டால் அது என்ன கூத்து?"

பெரிய மாமா: அப்பாவோடு இந்தச் சண்டை எனக்கு முப்பது வருசமாக இருக்கு.

நான்: அம்மப்பா, நாங்கள் புல்வெளியில் வட்டமாக நின்றுதான் பழகுகிறோம்.

தம்பி: அவர் கேட்கிறார், வடமோடிக் கூத்தா தென்மோடிக் கூத்தா?

நான்: வடமோடி.

தம்பி: "அப்படியென்றால் தாளத்தைத் தட்டி அனுப்பட்டும். கேட்காமல் சல்லரி தரமாட்டேன்." சிரிக்கவில்லை, உண்மையாகச் சொல்கிறார்.

நான்: (குரல் பதிவு)

தம்பி: "கடைசியில் ஓடுகிறாள்."

நான்: (குரல் பதிவு)

தம்பி: "இன்னும் ஓடுகிறாள். பஸ்ஸா பிடிக்கப் போகிறாள்?"

நான்: (குரல் பதிவு)

தம்பி: கண்ணை மூடிக் கேட்கிறார்... "இதில் இன்னொரு பிள்ளை வாயால் தாளக்கட்டுச் சொல்லுதே, அது யார்?"

நான்: அட்டன் பிள்ளை.

தம்பி: "அதுக்குத் தாளம் நிற்குது. சல்லரியை அந்தப் பிள்ளையின் கையில் கொடு. நீ அதைப் பார்த்துப் பழகு."

தோஹா அண்ணா: தங்கச்சி, உனக்குச் சொந்த வீட்டிலேயே இடம் போச்சு.

நான்: 😭 ஆனால் அவளிடம் சொன்னேன். அழுகிறாள். அவளுடைய தாத்தா போன வருசம்தான் தவறினார்.

மாமி: பாவம் பிள்ளை. அதையும் ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வாகா.

வெள்ளி, காலை

அம்மா: புளி போட்டுத் தேய்த்திருக்கிறேன். பல்லி முட்டையை உன் தம்பிதான் எடுத்தான்.

தம்பி: ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

அம்மா: அம்மப்பா சொன்னபடி ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீலையில் சுற்றியிருக்கு, ஒன்றோடொன்று முட்டாது. சோதனைக் கிழமையில் தொடக்கூடாது என்று அந்த வவுனியா மகனிடமும் சொல்லு. தம்பி வலையிறவுப் பாலத்தால் கொண்டுபோய் டவுனில் கண்டி பஸ்ஸில் ஏற்றுவான்.

நான்: பார்சல் என்று என்ன எழுதுகிறீர்கள்? சல்லரி என்றால் கண்டக்டர் தட்டிப் பார்ப்பார்.

அம்மா: கச்சான் அலுவா என்று எழுதியிருக்கு. அதுவும் இருக்கு, டின்னில் மேலே. மாத்தறைப் பிள்ளைக்கும் கொடு. டின் திரும்பி வர வேண்டும்.

அப்பா: ஓம்.