அறிசுட்டா, அறியடையா? பன்மையோடு வரும் ‘தி’க்கு ஒரு பெயர்

மடல் 1, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நம் ஆங்கில இலக்கணக் கலைச்சொல் பட்டியலில் ‘டெஃபினிட் ஆர்ட்டிகிள்’, அதாவது ‘தி’, வரிசையில் மூன்று தமிழ்ச் சொற்கள் முடிவாகாமல் நிற்கின்றன: நிச்சயச் சுட்டு, குறிப்புச் சுட்டு, தனிச்சுட்டு. மூன்றும் ஒருமைப் பெயரை மட்டும் மனத்தில் வைத்துச் செய்தவை என்பது என் எண்ணம். ‘தி சன்’, ‘தி கிங்’ என்று பார்க்கும்வரை எல்லாம் பொருந்தும். ‘தி விண்டோஸ்’, ‘தி ஸ்டூடன்ட்ஸ்’ என்று பன்மைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகச் சறுக்குகின்றன.

தனிச்சுட்டு முதலில் விழும். ‘தி’ வந்தால் அப்படி ஒன்றே ஒன்றுதான் உண்டு என்று பொருள் எனத் தத்துவவாதி ரஸல் 1905இல் வாதிட்டார். பன்மையில் ‘ஒன்றே ஒன்று’க்கு இடம் ஏது? 1978இல் மொழியியலாளர் ஜான் ஹாக்கின்ஸ் இதை விரித்தார். பேசும் சூழலில் அந்தப் பெயருக்கு உரியவை எவையோ அவை அனைத்தையும் ‘தி’ வளைத்துக்கொள்கிறது என்றார். இப்படிக் கொண்டால் ஒருமைக்குத் தனி விதி வேண்டாம். அனைத்தும் சேர்ந்து ஒன்றே என்றால் அது ஒருமை. எனவே பன்மையில் நிற்கும் பெயர் ஒருமையிலும் நிற்கும். ஒருமையில் நிற்பது பன்மையில் நிற்கும் என்பதற்கு உறுதியில்லை. கலைச்சொல்லைப் பன்மையில்தான் உரசிப் பார்க்க வேண்டும்.

குறிப்புச் சுட்டில் வேறு சிக்கல். ‘சம் ஸ்டூடன்ட்ஸ் கேம் டு சீ மீ’ என்பவருக்கு வந்த மாணவர்கள் யார் என்று நன்றாகத் தெரியும். குறிப்பிட்ட சிலரைத்தான் சொல்கிறார். ஆனாலும் அங்கே ‘தி’ வராது, ஏனென்றால் கேட்பவருக்கு அவர்கள் யாரென்று தெரியாது. அளவுகோல் கேட்பவரின் அறிவு, சொல்பவரின் குறிப்பு அன்று. நிச்சயச் சுட்டும் தவறான திசையில் இழுக்கிறது: ‘தி ஸ்டூடன்ட்ஸ் மே கம்’ என்பதில் எதுவும் நிச்சயமில்லை.

நம் உரையாசிரியர்கள் இந்த வேலையை என்றோ தொட்டுவிட்டார்கள். கண்ணெதிரே இல்லாத, முன்பே அறிந்த ஒன்றைச் சுட்டும் அகரத்தைப் ‘பண்டறி சுட்டு’ என்றார்கள். உலகம் முழுதும் அறிந்ததைச் சுட்டினால் ‘உலகறி சுட்டு’. முன்பு பேசியதால் வரும் ‘தி மேங்கோஸ்’ பண்டறி சுட்டு. ‘தி ஸ்டார்ஸ்’ உலகறி சுட்டு. இரண்டுக்கும் பொதுவான பகுதியை எடுத்தால் ‘அறிசுட்டு’. இதையே முன்மொழிகிறேன்.

பன்மைக்கு இன்னும் நெருக்கமான சான்று தொல்காப்பியத்தில், கிளவியாக்கத்தில் இருக்கிறது. ‘இனைத்தென அறிந்த’ பொருளுக்கு, அதாவது இத்தனை என்று முன்பே தெரிந்ததற்கு, முற்றும்மை (எதுவும் விடாமல் முழுமையைக் காட்டும் ‘உம்’) வேண்டும் என்கிறது நூற்பா. ‘மூவேந்தரும் வந்தார்’ என்பது உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டு. ‘மூன்று மாணவர்கள் வந்தார்கள்’, ‘மூன்று மாணவர்களும் வந்தார்கள்’ இரண்டையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். ‘த்ரீ ஸ்டூடன்ட்ஸ்’, ‘தி த்ரீ ஸ்டூடன்ட்ஸ்’. எண்ணோடு வரும் பன்மையில் நம் உம்மை செய்வதை அங்கே ‘தி’ செய்கிறது. நூற்பாவிலேயே ‘அறிந்த’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள்.

மடல் 2, தெம்பனிஸிலிருந்து

ஐயா, ‘அறி’ என்ற பகுதியை மனமார ஏற்கிறேன். ‘சுட்டு’ வேண்டாம்.

காரணம் வகுப்பறை. சுட்டு என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் ‘தி’யைக் கண்ட இடமெல்லாம் ‘அந்த’ போடுவார்கள், இப்போதே போடுகிறார்கள். வரலாற்றில் ‘தி’ பழைய ஆங்கிலச் சுட்டுச்சொல்லிலிருந்து தேய்ந்து வந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் தேய்ந்தபோது சுட்டும் தன்மையை இழந்துவிட்டது. ‘அந்த மாணவர்கள்’ என்றால் இந்த மாணவர்கள் அல்லர் என்று ஒரு பிரிப்பு உள்ளே வந்துவிடும். ‘தி ஸ்டூடன்ட்ஸ்’ யாரையும் பிரித்துக் காட்டுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. “வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்று பார்த்தோம். ஜன்னல்கள் மேற்குப் பார்த்தவை.” ஆங்கிலத்தில் ‘தி விண்டோஸ்’ என்றுதான் வரும். ஜன்னலைப் பற்றி முன்னே பேச்சே இல்லை, ஆனாலும் வீடு என்றால் ஜன்னல்கள் இருக்கும் என்று கேட்பவர் அறிவார். இங்கே தமிழில் ‘அந்த ஜன்னல்கள்’ என்று எழுதினால் எந்த ஜன்னல்கள் என்று திரும்பிக் கேட்பார்கள். பூங்காவில் வைக்கும் ‘டு நாட் ஃபீட் தி மங்கீஸ்’ பலகையும் அப்படியே. ‘குரங்குகளுக்கு உணவு கொடுக்காதீர்’ போதும். ‘அந்தக் குரங்குகளுக்கு’ என்றால் மற்றக் குரங்குகளுக்குக் கொடுக்கலாம் என்றாகிவிடும்.

ஆகவே ‘அறியடை’ என்கிறேன். பெயரடை, வினையடை போல ‘அடை’ பிள்ளைகளுக்குப் பழகிய சொல். பெயருக்கு முன்னே வந்து ஒட்டுவது என்ற அளவில் நிறுத்திக்கொள்ளும். கையை நீட்டிக் காட்டாது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க இரண்டாம் வேற்றுமை நன்றாக உதவும். ‘ஆரஞ்சு வாங்கி வா’ என்றால் ஏதாவது ஆரஞ்சு. ஆங்கிலத்தில் ‘தி’ இல்லாத ‘ஆரஞ்சஸ்’. ‘ஆரஞ்சுகளை வாங்கி வா’ என்றால் ஏற்கெனவே பேசிவைத்தவை, ‘தி ஆரஞ்சஸ்’. ஐ உருபு இங்கே அறியடையின் வேலையைப் பார்க்கிறது. ஆனால் இந்தச் சோதனை மூன்று இடங்களில் கவிழும், அவற்றையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். உயர்திணையில் ஐ கட்டாயம் வரும். ‘மாணவர்களைப் பார்த்தேன்’ என்பது இரண்டுக்கும் பொது. வெறு, விரும்பு போன்ற வினைகளோடு இனம் முழுவதையும் சொல்லும்போதும் ஐ வரும். ‘பூனைகளை வெறுக்கிறேன்’ என்பது ஆங்கிலத்தில் வெறும் ‘கேட்ஸ்’தான். எழுவாயில் ஐ வரவே வராது.

எழுவாய்க்கு ‘எந்த?’ என்ற கேள்வியைப் பயன்படுத்தலாம். ‘புலிகள் ஆபத்தானவை’ என்றால் ‘எந்தப் புலிகள்?’ என்று கேட்க இடமில்லை, இனத்தையே சொல்கிறோம், ‘தி’ கூடாது. ‘மாணவர்கள் சிலர் வந்தார்கள்’ என்றால் ‘எந்த மாணவர்கள்?’ என்று நியாயமாகக் கேட்கலாம். அங்கும் ‘தி’ இல்லை. கேட்கலாம், ஆனால் விடை கேட்பவர் கையிலேயே இருக்கிறது என்றால் மட்டும் ‘தி’. ‘தி டைகர்ஸ் ஆர் டேஞ்சரஸ் அனிமல்ஸ்’ என்ற பிழை முதல் படியைத் தாண்டிக் குதிப்பதால் வருகிறது. ‘தி டைகர் இஸ் அன் எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ்’ என்று ஒருமையில் இனத்தைச் சொல்ல ‘தி’ வருவதைப் பார்த்துவிட்டுப் பன்மைக்கும் அதையே நீட்டுகிறார்கள்.

‘ஹூ’ வந்தாலே ‘தி’ வரும் என்ற சூத்திரமும் தவறு. தாமதமாக வரும் மாணவர்கள் என்று யாரையும் குறிக்காத விதியாகச் சொன்னால் வெறும் ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ கம் லேட்’. இன்று தாமதமாக வந்த மாணவர்கள் என்றால் பெரும்பாலும் ‘தி ஸ்டூடன்ட்ஸ் ஹூ கேம் லேட்’. தமிழில் ‘வரும்’, ‘வந்த’ என்ற பெயரெச்சக் காலமே நல்ல தடயம் தருகிறது.

மடல் 3, ஈசூனிலிருந்து

அம்மா, குரங்குப் பலகை எடுத்துக்காட்டோடு என் ‘சுட்டு’ முடிந்தது. அறியடைக்கே என் ஒப்புதல். பண்டறி சுட்டிலிருந்து ‘அறி’ வந்தது என்ற குறிப்பைப் பதிவில் வைத்துக்கொள்வோம். அறியப்பட்டதன்மேல் வரும் அடை என்று விரிக்கவும் அந்த முன்மாதிரி துணை நிற்கும்.

உம்மையைப் பார்த்து ‘முற்றடை’ என்று வைக்கலாமே என்று ஓர் அன்பர் தனிமடலில் கேட்டிருந்தார். ‘முற்று’ மிகை. ‘ஐ டிடின்ட் ரீட் தி புக்ஸ்’ என்றால் ஒன்றையும் படிக்கவில்லை. ‘ஆல் தி புக்ஸ்’ என்று மாற்றினால் சிலவற்றைப் படித்திருக்கலாம். தமிழிலும் ‘புத்தகங்களைப் படிக்கவில்லை’, ‘எல்லாப் புத்தகங்களையும் படிக்கவில்லை’ என்று அதே வேறுபாடு. ஊரார் தூங்குகிறார்கள் என்ற பொருளில் ‘தி வில்லேஜர்ஸ் ஆர் அஸ்லீப்’ என்றால் காவலாளி ஒருவர் விழித்திருந்தாலும் கூற்று பொய்யாகாது. முற்று என்ற பெயர் இந்த நெகிழ்ச்சியை மறைத்துவிடும்.

அடுத்து, ‘தி’ இல்லாத நிலைக்கும் பெயர் தேவை. பன்மைக்கு ‘ஏ’, ‘ஆன்’ வராது என்பதால் பிள்ளைகள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ‘தி’க்கும் வெறுமைக்கும் இடையில்தான். இதை ‘அடைத்தொகை’ என்று வைக்கக் கூடாது. தொகை என்றால் இருந்தது மறைந்திருக்கிறது என்று பொருள். ‘டைகர்ஸ் ஆர் டேஞ்சரஸ்’ என்பதில் எதுவும் மறையவில்லை. முதல் வேற்றுமைக்கு உருபு இல்லை, ஆனாலும் அதை வேற்றுமையாக எண்ணுகிறோம் அல்லவா? அந்த வழியில் ‘வெற்றடை’. வெறு + இலை வெற்றிலை ஆவது போல வெறு + அடை. நம் 4 அதிகாரத்துவ மொழிகளில் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் ஆர்ட்டிகிள் இல்லை. இங்குப் பேச்சு ஆங்கிலத்தில் ‘தி’ எளிதாக உதிர்ந்துவிடுகிறது. உதிர்ந்ததற்கும் வெற்றடைக்கும் வேறுபாடு காட்ட இந்தப் பெயர் கட்டாயம் வேண்டும். ‘க்ளோஸ் விண்டோஸ்’ என்பது உதிர்வு, பிழை. ‘ஐ லைக் மேங்கோஸ்’ என்பது வெற்றடை, சரி.

‘ஏ’, ‘ஆன்’ இரண்டுக்கும் தனி இழை தொடங்கலாம். ‘அறியா அடை’ என்று எதிர்ப்பதம் கட்டினால் பேச்சில் ‘அறியாவடை’ ஆகிவிடும் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

மடல் 4, ஜூரோங்கிலிருந்து

பட்டியலில் சேரும் முன் இரண்டு செய்திகள்.

முதலாவது, சிறப்புப் பெயர்களோடு வரும் அறியடை. ஒற்றைத் தீவுக்கு வராது: செந்தோசா, பூலாவ் உபின். கூட்டத்துக்கு வரும்: ‘தி சதர்ன் ஐலண்ட்ஸ்’, ‘தி ஃபிலிப்பீன்ஸ்’, ‘தி மால்டீவ்ஸ்’. மலையும் அப்படியே: மவுண்ட் ஃபேபருக்கு இல்லை, அதையும் சேர்த்துச் செல்லும் 10 கிலோமீட்டர்ப் பாதைக்கு ‘தி சதர்ன் ரிட்ஜஸ்’. குடும்பமும் அப்படித்தான்: ‘தி டான்ஸ்’ என்றால் டான் வீட்டார். 2015இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமான பூமலைக்கு வாக்கியத்தில் ‘தி’ வரும்: ‘தி சிங்கப்பூர் பொட்டானிக் கார்டன்ஸ்’. ‘கார்டன்ஸ் பை தி பே’ முன்னால் வராது; பெயரையே அப்படி வைத்திருக்கிறார்கள், விதி தேட வேண்டாம். ‘தி யுனைட்டட் ஸ்டேட்ஸ்’ வடிவில் பன்மை, வினை ஒருமை. பிள்ளைகள் ‘ஆர்’ போடும் இடம் இது.

இரண்டாவது, ‘தி எல்டர்லி’, ‘தி புவர்’. ‘எஸ்’ இல்லை, ஆனால் பன்மை. ‘இஸ்’ போட்டால் பிழை. இங்கே ‘எந்த?’ சோதனை பொய்த்துவிடும், ஏனென்றால் இனம் முழுவதையும் சொல்லும்போதும் ‘தி’ வருகிறது. பெயரடையைப் பெயராக மாற்றும் வேலையை அது செய்கிறது. ‘முதிய’ என்பதை ‘முதியோர்’ ஆக்க நமக்கு ஓர் ஈறு இருக்கிறது, அவர்களுக்கு ‘தி’. பதிவில் இதைத் தனிப் பொருளாக, ‘பெயராக்க அறியடை’ என்று பிரித்துக் காட்டினால் போதும் என்பது என் கருத்து.

மடல் 5, தெம்பனிஸிலிருந்து

பெயராக்க அறியடை சரி. பதிவில் முதல் எடுத்துக்காட்டாக ‘தி சன்’ வேண்டாம், ‘தி விண்டோஸ்’ போடுங்கள் ஐயா.