தடையின்றிப் படித்தவளும் எழுத்துக்கூட்டியவனும்

மாலை வகுப்புத் தன்னார்வலர், விழுப்புரம் மாவட்டம்:

கொரோனா காலக் கற்றல் இழப்பை ஈடுகட்டத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் சேர்ந்து, எங்கள் தெருக் கோயில் திண்ணையில் பதினேழு பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். ஒரு பத்தியை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, தடையின்றிப் படித்தவர்களை ஒரு வரிசையிலும் எழுத்துக்கூட்டியவர்களை வேறொரு வரிசையிலும் அமர்த்துவது என் வழக்கம். 2022இல் தொடக்க வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகள் பள்ளியில் புழங்கத் தொடங்கியதும், பிள்ளைகள் தடையின்றிப் படித்தவர்களின் வரிசைக்கு மலர் என்றும் எழுத்துக்கூட்டியவர்களின் வரிசைக்கு அரும்பு என்றும் பெயர் சூட்டிவிட்டார்கள்.

மலர் வரிசையில் முதலில் அமர்ந்திருந்த மூன்றாம் வகுப்புச் சிறுமி, "கிழவி வழிப்போக்கனிடம் ஊரின் பெயரை வினவினாள்" என்ற வரியை ஏற்ற இறக்கத்தோடு படித்தாள். யாரிடம் வினவினாள் என்றேன், "வழிப்போக்கனிடம்" என்றாள். எதை வினவினாள் என்றேன். "ஊரின் பெயரை" என்றாள். அப்படியானால் கிழவி என்னதான் செய்தாள் என்று கேட்டதற்குச் சற்று யோசித்துவிட்டு, "எழுதிக் கொடுத்தாங்க" என்றாள்.

அன்றிரவு "மிட்டன் துபிளியைப் பிரவினான்" என்று பொருளே இல்லாத வாக்கியம் ஒன்றைப் புனைந்தேன். மறுநாள் அதைக் கொடுத்து, யார் பிரவினான், எதைப் பிரவினான் என்று கேட்டபோது, மலர் வரிசை முழுவதும் பிழையின்றி விடை சொன்னது. வேற்றுமை உருபே விடையைக் காட்டிக்கொடுத்துவிடும் மொழியில், யார், எதை, யாரிடம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த என் பயிற்சி, புரிதலை ஒருநாளும் தொடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அரும்பு வரிசைச் சிறுவன் ஒருவன் அதே கிழவி வரியை ஏறத்தாழ ஒரு நிமிடம் எழுத்துக்கூட்டிப் படித்தான். உன் பேச்சில் சொல் என்றதும், "பாட்டி வழி தவறிடுச்சு போல, அதான் ஊர்ப் பேரு கேக்குது" என்றான். "வினவினாள்" அவனுக்கும் புதிய சொல்தான். கதையின் போக்கைக் கொண்டு ஊகித்திருக்கிறான். அதன்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் குறிப்பேட்டில் இரண்டு கட்டங்கள் போட்டேன்: படிக்கும் வேகத்துக்கு ஒன்று, சொந்தப் பேச்சில் திருப்பிச் சொல்வதற்கு ஒன்று. இரண்டும் ஒத்துப்போன பிள்ளைகள் நான் எண்ணியதைவிடக் குறைவு.

முதியோர் வகுப்பு நடத்துபவர், மதுரை மாவட்டம்:

பெரியவர்களிடம் சிக்கல் வேறுவிதமாக வருகிறது. உலக அனுபவம் மிகுந்தவர்கள் என்பதால், பாதி வரியிலேயே மீதியை ஊகித்துவிடுகிறார்கள். என்னிடம் படிக்கும் அம்மா ஒருவர், ரேஷன் கடையில் ஒட்டியிருந்த "25ஆம் தேதிக்குப் பின் துவரம் பருப்பு வழங்கப்பட மாட்டாது" என்ற அறிவிப்பை "வழங்கப்பட" வரை படித்துவிட்டு, மகிழ்ச்சியோடு வீடு திரும்பி, 27ஆம் தேதி வெயிலில் பையோடு போய் நின்றிருக்கிறார். தமிழில் மறுப்பு வாக்கியத்தின் கடைசியில் அல்லவா காத்திருக்கிறது! பாடநூல் கதைகளை ஓரமாக வைத்துவிட்டு, அறிவிப்புகளையும் மாத்திரை அட்டைகளையும் கொண்டு பயிற்சி தரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இப்போது அந்த அம்மா எந்த அறிவிப்பைக் கண்டாலும், முதலில் கடைசிச் சொல்லில் விரலை வைத்துப் படித்துவிட்டு, அதன்பிறகே தொடக்கத்துக்கு வருகிறார்.