பிரைவேட் லிமிடெட் கம்பெனியை மூடுவது: எஸ்டிகே-2 (பெயர் நீக்க விண்ணப்பம்) போடுமுன் எதையெல்லாம் முடிக்க வேண்டும்?

நூல்கண்டு:
கோவையில் பதிவான கம்பெனி. டைரக்டர்கள் இருவர், பங்குதாரர்களும் அவர்களே. பங்கு மூலதனம் 1 லட்சம். 2023 மார்ச்சோடு வியாபாரம் நின்றுவிட்டது. ஆர்ஓசி (கம்பெனிப் பதிவாளர்) ஃபைலிங் 2021-22 வரை இருக்கிறது, அதற்குப் பிறகு இல்லை. ஜிஎஸ்டியில் நில் ரிட்டர்ன் மட்டும் போகிறது. பேங்கில் 42,000 ரூபாய். டைரக்டர் கொடுத்த கடன் 3.4 லட்சம் நிற்கிறது, வெளியாள் பாக்கி எதுவும் இல்லை. இன்னொரு டைரக்டர் துபாயில். அப்படியே விட்டால் ஆர்ஓசியே பெயரை நீக்கிவிடும் என்கிறார்கள். விட்டுவிடலாமா?

பேரேடு:
விடாதீர்கள். தொடர்ந்து 3 நிதியாண்டு கணக்கோ ஆண்டு ரிட்டர்னோ போடாவிட்டால் கம்பெனிகள் சட்டம் 164(2) பிரிவில் டைரக்டர்களுக்கு 5 வருடத் தகுதியிழப்பு வரும். ஆர்ஓசி நீக்குவது அதைத் துடைக்காது.

நீங்களே விண்ணப்பித்தால், வியாபாரம் நின்ற நிதியாண்டு வரையிலான ரிட்டர்ன் போதும். உங்களுக்கு அது 2022-23 ஒன்றுதான்: கணக்குக்கு ஏஓசி-4, ஆண்டு ரிட்டர்னுக்கு எம்ஜிடி-7ஏ. தாமதக் கட்டணம் ஒரு படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ஒரு வருடம் தள்ளினால் படிவத்துக்கு 36,500. ஆர்ஓசி முந்திக்கொண்டு எஸ்டிகே-1 என்ற பெயர் நீக்க நோட்டீஸ் அனுப்பிவிட்டால் இந்தச் சலுகை போய்விடும், நிலுவை எல்லாவற்றையும் போட்டாக வேண்டும். அதனால் முதலில் இதை முடியுங்கள்.

எஸ்டிகே-2 கட்டணம் 10,000 ரூபாய். 2023 மே முதல் இந்த விண்ணப்பங்களை மானேசரில் உள்ள சி-பேஸ் என்ற கம்பெனி மூடல் மையம்தான் பார்க்கிறது. சிறப்புத் தீர்மானம், அல்லது மூலதனத்தில் 75% வைத்திருப்பவர்களின் சம்மதம், இரண்டில் ஒன்று வேண்டும். தீர்மானம் என்றால் அதைப் பதிவு செய்ய எம்ஜிடி-14 வேறு போட வேண்டும். இரண்டு பேர் கம்பெனிக்கு எழுத்துச் சம்மதமே சுலபம்.

வரவுசெலவு:
வரிசை மாறினால்தான் சிக்கல். வரிப் பக்கத்தில் முதலில் ஜிஎஸ்டி ரத்துக்கு ஆர்இஜி-16. ரத்து உத்தரவு வந்து மூன்று மாதத்துக்குள் ஜிஎஸ்டிஆர்-10. இந்த இறுதி ரிட்டர்னைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சரக்கோ இயந்திரமோ மீதி இருந்தால் அதன்மேல் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும். டிடிஎஸ் பிடித்திருந்தால் அந்த ரிட்டர்ன்களையும் பாருங்கள்.

பிறகு வருமான வரி. ரீஃபண்ட் வர வேண்டியிருந்தால் அது வந்து சேரும்வரை பேங்க் கணக்கை மூடாதீர்கள். ரீஃபண்ட் கம்பெனி பெயரிலுள்ள கணக்குக்குத்தான் வரும். கணக்கை மூடியதும் பேங்கிடம் மூடியதற்கான கடிதம் வாங்கிவிடுங்கள். எஸ்டிகே-2 கட்டணத்தை டைரக்டர் சொந்தக் கார்டில் கட்டலாம்.

இன்னொன்று: விற்பனைக்கு வைத்திருந்த சரக்கைக் கடந்த மூன்று மாதத்துக்குள் விற்றிருந்தால் 249 பிரிவின்படி விண்ணப்பிக்க முடியாது. பதிவு அலுவலகத்தை வேறு மாநிலத்துக்கு மாற்றியிருந்தாலும், பெயரை மாற்றியிருந்தாலும் அப்படித்தான்.

நூல்கண்டு:
நன்றி. 3.4 லட்சம் கடனை என்ன செய்வது? மூலதனம் 1 லட்சமும் பொறுப்புப் பக்கத்தில்தானே நிற்கிறது?

பேரேடு:
மூலதனம் கவலையில்லை, கடன்தான் தடை. உங்கள் எண்களையே வைத்துப் பாருங்கள். மூலதனம் 1,00,000, கடன் 3,40,000, சேர்த்து 4,40,000. எதிரே பேங்க் 42,000. அப்படியானால் சேர்ந்த நஷ்டம் 3,98,000. டைரக்டர் கடனைத் தள்ளுபடி செய்து கையெழுத்திட்ட கடிதம் கொடுத்தால் நஷ்டம் 58,000 ஆகக் குறையும். 42,000 ரூபாயும் ஆடிட்டர், ஃபைலிங் செலவில் தீர்ந்தால் நஷ்டம் 1,00,000, மூலதனமும் 1,00,000. சொத்து பூஜ்யம், வெளிக்கடன் பூஜ்யம். எஸ்டிகே-8 (விண்ணப்பத்தோடு வைக்கும் கணக்கறிக்கை) அப்படித்தான் தெரிய வேண்டும். அதற்கு மேல் கையிலிருந்து போடும் பணத்தை மறுபடி கடனாக எழுதிவைக்காதீர்கள். தள்ளுபடிக்கு வரி வருமா என்று ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எஸ்டிகே-8 தேதி விண்ணப்ப நாளுக்கு 30 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. எல்லாக் காகிதமும் கைக்கு வந்த பிறகு கடைசியாகத்தான் அதைச் சான்றளிக்கச் சொல்ல வேண்டும்.

மேசைவிளக்கு:
அந்த 30 நாளைத் தின்பது பெரும்பாலும் வெளிநாட்டு டைரக்டரின் கையெழுத்துதான். எஸ்டிகே-3 உத்தரவாதப் பத்திரத்தை டைரக்டர்கள் தனித்தனியாகவோ சேர்ந்தோ கொடுக்கலாம், எஸ்டிகே-4 பிரமாணப் பத்திரத்தை ஒவ்வொரு டைரக்டரும் தனித்தனியே கொடுக்க வேண்டும். துபாய் என்றால் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கலாம். லீவில் ஊருக்கு வரும்போது நோட்டரி முன் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி. டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகிவிட்டதா, டைரக்டர் எண்ணின் கேஒய்சி உயிரோடு இருக்கிறதா என்றும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பொது அறிவிப்பு வெளியாகும், ஆட்சேபத்துக்கு 30 நாள். வரித்துறைகளுக்கும் தகவல் போகும். பழைய நோட்டீஸ் ஏதாவது பதிலின்றிக் கிடந்தால் அப்போது தலை தூக்கும். பெயர் நீக்கப்பட்டதைச் சொல்லும் எஸ்டிகே-7 அறிவிப்பு வந்த பிறகும் கம்பெனியின் மின்னஞ்சலையும் கணக்குப் புத்தகங்களையும் தூக்கிப் போடாதீர்கள். டைரக்டர்களின் பொறுப்பு 248(7) படி தொடரும்.